பாலைவனத்துக்கு ஸ்வெட்டரா?

"பாலைவன தேசத்துக்கு ஸ்வெட்டர் எதுக்குடி?" என்று டெலிபோனில் என் மகளைக் கேலி செய்தவள் சாட்சாத் நானேதான். அப்படிக் கேலி செய்த வாய்க்கு, ஒரு ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் உட்கார்ந்து தண்டனை அனுபவித்தேன். அந்தக் கதையைக் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எங்களுக்கு இலுப்பூர். புதுக்கோட்டைப் பக்கத்தாருக்குச் சொன்னாலே தெரியும். மற்றவர்களுக்கு விராலிமலை, சித்தன்னவாசல் என்று அக்கம்பக்கத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கடலை, சோளம். திருச்சிக்கும் மதுரைக்கும் போய் வந்ததே பெரிய பிரயாணம் என்று இருந்தவள், 2023ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஆப்பிரிக்காவில் இருக்கும் போட்ஸ்வானா தேசத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு அங்கே தலைநகரான கபரோனில் கணக்கு உத்தியோகம். பேத்திக்கு அப்போது இருபது மாதம். அதுவரை போனில் மட்டுமே என்னைப் பார்த்திருந்த குழந்தை அது.

"நீங்களும் வாங்களேன்" என்று இவரைக் கூப்பிட்டேன். "மாடு ரெண்டையும் யாரு பாக்குறது? நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். மாட்டைவிடப் பேத்தி உசத்தியில்லையா என்று கேட்க நினைத்து, ஊருக்குப் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

வழியில் எத்தியோப்பியாவில் விமானம் மாற வேண்டியிருந்தது. மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடு அது. அதனால் முன்கூட்டியே சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். பிரயாணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்றார்கள். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் போட்டுக்கொள்ளக் கூடாதாம். எனக்கு ஐம்பத்தாறு, தப்பித்தேன்! கையில் கொடுக்கிற மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு விஷயம்: குழந்தையோடு அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு போவது அவசியம். எல்லையில் கேட்கிறார்கள்.

கபரோனில் இறங்கி வெளியே வந்தால், பல் கிட்டித்துப் போகிற குளிர்! ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் சுள்ளென்று வெயில். சூரியன் சாய்ந்ததும் மணலும் ஆகாயமும் சேர்ந்து சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்ட மாதிரி ஜில்லிட்டுப் போகிறது. காற்றில் ஈரமும் மேகமும் இல்லாததால் பகல் வெப்பம் தங்குவதில்லை என்று மாப்பிள்ளை விளக்கினார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் கலகாரி பாலைவனம். ஜனங்களோ 2022 கணக்கெடுப்பின்படி 23 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2011ல் 16 லட்சம் பேர் இருந்தோமே! யானைகள் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை யானை கிடையாது. பதினெட்டு பேருக்கு ஒரு யானை என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னார்.

கலகாரி என்றதும் ராஜஸ்தான் மாதிரி மணல் மேடும் ஒட்டகமுமாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சிவப்பு மணலில் முள்மரமும் புதரும் காய்ந்த புல்லுமாக, சித்திரை மாதத்து அன்னவாசல் பொட்டல் போலத்தான் இருக்கிறது. மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை என்பதால்தான் பாலைவனம். அந்தப் பூமியின் பூர்வகுடிகளான சான் மக்கள், மணலில் படர்ந்து காய்க்கும் ஒருவகைக் காட்டுத் தர்ப்பூசணியில் இருக்கும் தண்ணீரைக் குடித்தே மாதக்கணக்கில் தாகம் தணித்துக்கொண்டார்களாம்.

போன இரண்டாம் நாள் மகளோடு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "துமேலா, மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ப் பெண்ணா இவள்? மகள் சிரித்தாள். "அம்மா, துமேலான்னா வணக்கம். பெண்களை 'மா'ன்னு மரியாதையா சொல்லுவாங்க. ஆம்பளைங்கன்னா 'ரா'." முன்பின் தெரியாதவர்களையும் 'மா' போட்டு வணங்காமல் அங்கே யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்டால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்களாம். எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துப் போயிற்று.

அதைவிடப் பிடித்தது அவர்கள் காசின் பெயர். நம் ரூபாய் போல அவர்களுடையது புலா. செட்ஸ்வானா பாஷையில் புலா என்றால் மழை! கூட்டத்தில் பேசி முடித்ததும், வாழ்த்தும்போதும், "புலா!" என்று சத்தமாகச் சொல்கிறார்கள். நாட்டுச் சின்னத்திலும் அந்த ஒரு சொல்தான். 1966 செப்டம்பர் 30ஆம் தேதி சுதந்திரம் வாங்கிய நாடு. பத்து வருஷம் கழித்து, 1976ல் சொந்தப் பணம் அச்சடித்தபோது மழையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே வைரம் கிடைத்த தேசம், பணத்துக்கு வைரத்தின் பெயரை வைக்கவில்லை பாருங்கள். 1967ல் ஒராபா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடித்ததால்தான் வறுமை தீர்ந்தது. ஆனால் வைரத்தைக் குடிக்க முடியாதே! கபரோனுக்குத் தண்ணீர் தரும் அணை 2015ல் வற்றியே போய், 2017ல்தான் மறுபடி நிரம்பியது. அந்த நாட்களில் வடக்கே முன்னூறு நானூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில்தான் தண்ணீர் வந்ததாம். குடத்தோடு காவிரிக் குழாய்க்குக் காத்து நிற்கும் எங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை.

ஜூலை மூன்றாவது வாரத்தில் அங்கே ஜனாதிபதி தினம் என்று திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுமுறை. அதோடு லீவு சேர்த்து வடக்கே சோபே காட்டுக்குப் போய் யானை பார்க்கலாம் என்று மாப்பிள்ளை ஏற்பாடு செய்தார். அங்கேதான் முதல் சிக்கல். தெற்கே கபரோன் பக்கம் மலேரியா பயமில்லை. வடக்கே உண்டு. அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய மோசமான ரகம். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்ப ஆபத்தானது.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பயணம் தேவையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை, டாக்டரைக் கேட்டுட்டே முடிவு பண்ணலாம்" என்றார். குழந்தை டாக்டர் பெண்மணி நிதானமாகச் சொன்னார். மழைக்காலமான நவம்பரிலிருந்து மே, ஜூன் வரை இந்த வயதுக் குழந்தையை அங்கே அழைத்துப் போகவே கூடாது. ஜூலையில் காற்று உலர்ந்து கொசு குறைந்துவிடும், ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. போவதானால் எல்லோரும் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தைக்கு எடை பார்த்து அளவு. சாயங்காலத்திலிருந்து விடியும்வரை முழுக்கைச் சட்டை, கொசுவலை, பூசுகிற மருந்து. "கர்ப்பமாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். எங்களுக்குக் கொடுத்த மாத்திரையைக் கிளம்புவதற்கு முதல் நாளே தொடங்கி, தினம் ஒன்று பாலோடு சாப்பிட்டு, காட்டை விட்டு வந்த பிறகும் ஏழு நாள் தொடர வேண்டும். மாத்திரைக்கு மாத்திரை இந்தக் கணக்கு மாறும் என்பதால், இன்னொருத்தர் சொன்னதைக் கேட்டுச் சாப்பிடக் கூடாது.

சரி, மூட்டை கட்டினோம். இங்கேதான் என் கைவரிசை. நான் இலுப்பூரிலிருந்து கொண்டு போன முறுக்கு டப்பாவும், ஒரு படி அரிசியும், சின்னக் குக்கரும், பருப்புப் பொடியும் பையில் அடங்கவில்லை. "வடக்கே போனா பகல்ல இருபத்தாறு டிகிரி அத்தை, வெயில் நல்லா இருக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்திருந்தது. குழந்தையின் கம்பளிக் குல்லாய், கெட்டி ஸ்வெட்டர், காலுறை மூன்றையும் எடுத்துப் பீரோவில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மெல்லிய நூல் ஸ்வெட்டர் இருக்கிறதே, போதும் என்று எனக்கு நானே தீர்ப்பு!

கபரோனிலிருந்து சோபே நதிக்கரையில் இருக்கும் கசானே ஊர் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இலுப்பூரிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது. பிரான்சிஸ்டவுனில் ஒரு ராத்திரி தங்கினோம். வழியில் மகர ரேகையைக் காட்டும் பலகை வந்தது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் கோடாகப் பார்த்ததைக் காரில் தாண்டினேன். அங்கங்கே கால்நடை இலாகாவின் வேலி. எல்லோரும் இறங்கி, மருந்து நனைத்த பாயில் செருப்பை மிதித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வண்டிச் சக்கரமும் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏறும். காட்டெருமையிடமிருந்து கோமாரி நோய் மாட்டுக்கு வந்துவிடாமல் இருக்க இந்தக் காவல். அங்கே மாடுதான் சொத்து. மாட்டிறைச்சியை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிற நாடு. பச்சை இறைச்சியைத் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். என் முறுக்கு டப்பாவைத் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார் காவலர். ஒரு முறுக்கை நீட்டினேன். "கே ஆ லெபோஹா, மா" என்றார். நன்றியாம்.

நாட்டா என்ற ஊரைத் தாண்டிய பிறகு முன்னூறு கிலோமீட்டர் நேர் ரோடு. வீடும் கிடையாது, டீக்கடையும் கிடையாது. திடீரென்று மகள் "அம்மா, அங்கே!" என்று கத்தினாள். ரோட்டோரமாகக் கோயில் கோபுரம் அசைந்த மாதிரி ஒரு கொம்பன். காரை நிறுத்தினோம். அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ரோட்டைக் கடந்து போயிற்று. பேத்தி கையைத் தட்டி, "ஆனை! ஆனை!" என்றாள். கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கியே பழகிய எனக்கு, பாகன் இல்லாத யானையைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது.

கசானேயில் காட்டுக்கும் ஊருக்கும் எல்லைக்கோடே கிடையாது. பெட்ரோல் பங்க்கில் நம் ஊர் நாய்கள் மாதிரி காட்டுப்பன்றிகள் திரிகின்றன. போலீஸ் ஸ்டேஷன் பக்கம் அடிப்பகுதி குடைந்த ஒரு பெருக்கமரம், அந்தக் காலத்தில் அதை ஜெயிலாகவே பயன்படுத்தினார்களாம். இலங்கையில் மன்னாரில் இருக்கிறதே, அதே ஜாதி மரம்.

நாங்கள் தங்கிய விடுதி ஊருக்கு வெளியே, கசுங்குலா போகும் வழியில். முதல் நாள் ராத்திரி போய்ச் சேர்ந்து தூங்கிவிட்டோம். காலையில் மாப்பிள்ளை மட்டும் திறந்த ஜீப்பில் காட்டுக்குள் போய் வந்தார். ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளைப் பல இடங்களில் அந்த ஜீப்பில் ஏற்றுவதில்லை. குழந்தை திடீரென்று அழுதாலோ ஓடினாலோ ஆபத்து என்று வைத்திருக்கும் கட்டுப்பாடு, நியாயமானதுதான். சாயங்காலம் எல்லோருமாகப் படகில் போனோம்.

சோபே காடு அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. பதினோராயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டர், அதாவது நம் மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. உலர்ந்த மாதங்களில் காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிடும். அப்போது யானைகள் எல்லாம் நதிக்கு வந்தாக வேண்டும். அன்றைக்கு எண்ண ஆரம்பித்து எழுபதோடு விட்டுவிட்டேன். ஒரு கூட்டம் எங்கள் கண்ணெதிரே நதியில் இறங்கி நீந்தியது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், தும்பிக்கை நுனி மட்டும் மேலே! குட்டியை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பெரிய யானைகள் அணைத்துக் கொண்டு போயின. படகுக்காரர் முன்னால் போன யானையைக் காட்டி, "அவள்தான் தலைவி. இந்தக் கூட்டத்துக்குப் பாட்டி" என்றார். ஆண் யானைகள் பெரியதானதும் பிரிந்து போய்விடும். பெண்களும் குட்டிகளும்தான் குடும்பம். அதில் மூத்தவள் சொல்வதுதான் சட்டம். பஞ்ச காலத்தில் எங்கே தண்ணீர் இருக்கும் என்பது அவளுக்குத்தான் ஞாபகம் இருக்குமாம். நான் மகளைப் பார்த்தேன். "கேட்டுக்கிட்டியா?" என்றேன். "கேட்டுக்கிட்டேன் அம்மாச்சி யானை" என்றாள் அவள்.

சூரியன் நதிக்குள் இறங்கியது. படகு திரும்பியபோது அடித்தது பாருங்கள் ஒரு காற்று. நெஞ்சுக்கூட்டுக்குள் போய்க் குத்தியது. மகள் பையைத் துழாவினாள். "அம்மா, பாப்பா குல்லாய் எங்கே? கெட்டி ஸ்வெட்டர் வைச்சேனே!" நான் வாய் திறக்கவில்லை. என் புடவைத் தலைப்பால் குழந்தையைச் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் அந்தக் காற்றில்.

ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தை முனகினாள். தொட்டுப் பார்த்தால் அடுப்பு மாதிரி. தெர்மாமீட்டரில் நூற்று மூன்று. மகள் முகம் வெளுத்துவிட்டது. "மலேரியாவா இருக்குமாங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஓடினவர் அப்படியே திரும்பி வந்தார், கூடவே காவலாளி. கேட்டுக்கு வெளியே ரோட்டை மறித்துக்கொண்டு யானைகள் நிற்கின்றன. குட்டி இருக்கிறது. இப்போது வண்டியை எடுக்க முடியாது.

காவலாளி கல்நெஞ்சக்காரர் இல்லை. குழந்தைக்கு ஜன்னி கண்டால், மூச்சு வாங்கினால், தண்ணீர் இறங்காவிட்டால், எழுப்பினால் எழுந்திருக்காவிட்டால் உடனே கூப்பிடுங்கள், பெரிய லாரியை முன்னால் விட்டு எப்படியும் கொண்டு போய்விடுகிறேன் என்றார். இல்லாவிட்டால் விடியட்டும். யானை கண்ணில் விளக்கை அடித்தால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்றார்.

அந்த ராத்திரி... எங்கள் சண்டையை இப்போது நினைத்தால் சிரிப்பு, அன்றைக்கு இல்லை. நான் கம்பளிகளை எல்லாம் அள்ளிக் குழந்தையின் மேல் போர்த்தினேன். வியர்த்தால் காய்ச்சல் விட்டுவிடும் என்று எங்கள் ஆத்தா காலத்து வைத்தியம். மகள் அத்தனையையும் உருவிப் போட்டாள். "சூடு வெளியே போகணும்மா! போர்த்தினா ஏறும்." தைலத்தை எடுத்தேன். "ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலம் தடவக் கூடாதும்மா, மூச்சு அடைக்கும்." எதை எடுத்தாலும் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் உதடு நடுங்கியது. கை மட்டும் நடுங்காமல் எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் மருந்தை அளந்து ஊற்றினாள், மணியைக் காகிதத்தில் எழுதி வைத்தாள், கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தாள். நான் பேசாமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணி இருக்கும். வெளியே கிளை முறியும் சத்தம். "ஸ்வெட்டரை நான்தான்டி எடுத்து வைச்சுட்டேன்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தெரியும்மா" என்றாள். "முறுக்கு டப்பாவைப் பார்த்ததுமே தெரியும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

நாலு மணிக்கு மேல் சமையல்கார அம்மாள் வேலைக்கு எழுந்தவர், விளக்கு எரிவதைப் பார்த்துக் கதவைத் தட்டினார். குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனவர், கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தார். பழுப்பு நிறம், இளஞ்சூடு. மோந்து பார்த்தேன். புளித்த சோளக் கஞ்சி! அதே வாசனை! மொதோகோ என்று பெயராம். குழந்தை நாலைந்து கரண்டி குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து "ஆனை" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் யானைகள் போய்விட்டன. கசானேயில் ஆஸ்பத்திரி உண்டு. நர்ஸ் ஒரு சொட்டு ரத்தம் விரல் நுனியிலிருந்து எடுத்து, சின்னப் பட்டையில் விட்டுப் பார்த்தார். கால் மணி நேரத்தில் முடிவு. மலேரியா இல்லை. தொண்டை சிவந்திருக்கிறது, சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் என்றார் டாக்டர். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். "நேற்று முன்தினம் இரவு வந்து, நேற்று ராத்திரியே மலேரியா வராது. கொசு கடித்து ஒரு வாரமாவது ஆகும். நீங்கள் பயப்பட வேண்டியது இன்றைக்கு இல்லை, வீட்டுக்குப் போன பிறகு. இன்னும் மூன்று மாதத்துக்குள் உங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டாக்டரிடம் முதல் வார்த்தையாக, மலேரியா இருக்கிற இடத்துக்குப் போய் வந்தோம் என்று சொல்ல வேண்டும்." மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதே விதிதானாம். எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது என்றார்.

இரண்டு நாள் விடுதியிலேயே இருந்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் சமையல்கார அம்மாளோடு ஒட்டிக்கொண்டேன். அவருக்கு அரைகுறை இங்கிலீஷ், எனக்கு அதில் அரைக்கால். ஆனாலும் சமையலறையில் பாஷை எதற்கு? அவர்களும் தட்டைப்பயறு போடுகிறார்கள். அதன் இலையைக் கீரையாக வதக்குகிறார்கள், வெயிலில் காயவைத்து வற்றலாகவும் எடுத்து வைக்கிறார்கள். கொழுந்துத் தட்டைப்பயற்று இலையை நாம் ஏன் தூக்கிப் போடுகிறோம் என்று யோசித்தேன்.

"எங்கள் யானையைப் பார்க்க நீங்கள் பணம் கொடுத்து வருகிறீர்கள். என் வயலை அது பணம் கொடுக்காமல் தின்றுவிட்டுப் போகிறது" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரே ராத்திரியில் ஒரு வருஷத்துச் சோளம் போயிருக்கிறது. இப்போது யானைச் சாணத்தில் மிளகாயைக் கலந்து கட்டி தட்டி, வயலைச் சுற்றி ராத்திரியில் புகைய விடுகிறார்களாம். அந்த நெடி யானைக்கு ஆகாது. எங்கள் பக்கம் கடலைக் காட்டில் மயில் செய்கிற அட்டகாசத்தைச் சொன்னேன். மயிலைப் பார்க்கவும் ஜனங்கள் விராலிமலைக்கு வருகிறார்கள் என்றேன். "அதே கதை, மா" என்றார்.

கபரோனுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஊருக்குத்தான் வந்தாச்சே, கொசுவும் இல்லை, எதற்கு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வது? மகள் அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஸ்வெட்டருக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்! காட்டில் கடைசி நாள் கடித்த கொசு விட்டுப்போன கிருமி, கல்லீரலில் ஒளிந்திருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வரும், அதற்காகத்தான் அந்த ஏழு நாள் என்று மாப்பிள்ளைதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுபடி தொடங்கி முடித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் இலுப்பூர் வந்து சேர்ந்தேன். தினம் ராத்திரி எட்டரைக்கு, அதாவது அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு, மகளிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்க மாட்டாள். "காய்ச்சல் இருக்கா?" என்றுதான் முதல் கேள்வி. அக்டோபர் பாதிவரை இது நடந்தது. ஒரு நாள் லேசாக உடம்பு கணகணத்தபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே "ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லி, ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை.

அந்தக் கஞ்சியை இங்கேயும் செய்து பார்த்தேன். ஒரு டம்ளர் சோள மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூடி, ஒரு நாள் இரண்டு நாள் புளிக்க வைக்க வேண்டும். நுரை கட்டிப் புளிப்பு வாசனை வந்ததும், நாலு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விட்டு, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கால் மணி நேரம் சின்னத் தீயில் வெந்தால் பளபளவென்று வரும். அவர்கள் பாலும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். நான் உப்பும் மோரும் விட்டேன்.

இவருக்கு ஒரு டம்ளர் கொடுத்து, "ஆப்பிரிக்காக் கஞ்சி, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஆத்தா தினம் காய்ச்சினதுதானே இது! இதுக்காடி விமானம் ஏறிப் போன?" என்றார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார்.